சித்திக்குள் இருந்த கூட்டுக்காரி

என் வயதுக்காரர்களிடம் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. முட்டிவலி என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டபிறகு யாரோடும் பேசப் பிடிக்காது என்பதையும் விளக்க வேண்டாம். களமசேரியில் இருக்கும் என் மகள் போனில் கூப்பிட்டு, "எதையாவது எழுதிக்கிட்டே இரும்மா, மனசுக்கு நல்லது" என்கிறாள். மனசுக்கு நல்லதா என்று தெரியாது, கைக்கு வலிக்கிறது. ஆனாலும் போன ஆடியில் என் வீட்டில் நடந்ததை யாருக்காவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்த ஒரு ஆடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டி எங்கள் பழைய வீடு. முன்பக்கம் கடை, நடுவில் சுக்கும் மிளகும் ஜாதிக்காயும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிட்டங்கி, பின்பக்கம் நாங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு தாத்தாவுக்குத் தாத்தா வந்து போட்ட கடை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நின்னெ சுக்கு மணக்குன்னு" என்று தள்ளி உட்காருவாள். எனக்கு அந்த மணமே தெரியாது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தால் எப்படித் தெரியும்?

மழை பிடித்துவிட்டால் தெருவில் திரியும் ஆடுகள் எங்கள் கிட்டங்கிக்குள் வந்து மூட்டைகள்மேல் படுத்துக்கொள்ளும். சாக்கு நனைந்த வாசனை, ஆட்டு வாசனை, சுக்கில் பூசணம் பூத்துவிடுமோ என்று அப்பா புலம்புகிற சத்தம், இதெல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு ஆடி. இன்னொன்றும் உண்டு. பழைய தேக்குக் கதவுகள் ஈரத்தில் ஊதிப்போகும். சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. தோளைக் கொடுத்து முட்ட வேண்டும்.

அந்த வருஷம் எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. "பொக்கைவாய்" என்று கூப்பிடாதவர்கள் பாக்கியில்லை. அதே வருஷம் சித்திரையில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி சித்தி வந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். ஆலப்புழைப் பக்கம் தாய்மாமா வீட்டில் வளர்ந்தவள். கேட்டால்தான் பேசுவாள், கேட்டதற்கு மட்டும் பேசுவாள். "நல்ல அடக்கமான பொண்ணு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஒரு பெண் ஏன் அவ்வளவு அடங்கியிருக்கிறாள் என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. இன்றைக்கும் அநேகமாகக் கேட்பதில்லை.

மழை தொடங்கிய சமயம், பித்தளை அண்டாவை எடுத்து வரச்சொல்லி அம்மா சித்தியை உள்ளறைக்கு அனுப்பினாள். ஜன்னல் இல்லாத அறை அது. காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. ஊதிப்போன கதவு, அப்பாவும் கடைப் பையன்களும் முட்டித்தான் திறந்தார்கள். அண்டாவுக்குப் பின்னால் சித்தி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இடதுகைக் கட்டைவிரல் வாயில் இருந்தது.

"என்னட்டி, பயந்துட்டியா?" என்றாள் அம்மா.

சித்தி அம்மாவை முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் சத்தம் போடல" என்றாள். குரல் மெல்லிசாக, என் குரல்போல இருந்தது.

அப்பா ஒரு அடி பின்னால் போனார். "யாரு நீ?"

"எனக்கு ஏழு வயசு" என்று சொல்லி, விரல்களை விரித்துக் காட்டினாள்.

அப்பா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். தொந்தியும் தொடையுமாக இருந்த மனிதர் அந்த வேகத்தில் விழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரணம் இருந்தது. அப்பாவின் அக்கா ஒருத்தி ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னி என்று வீட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். உள்ளறைப் பரணில் ஒரு ஓலைப்பெட்டி இருக்கும், அதற்குள் கன்னிக்கு ஒரு சின்னப் பாவாடை, கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு. ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, பணியாரமும் பாயசமும் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். கன்னி வந்து சாப்பிட வேண்டுமல்லவா? கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள். பணியாரம் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. அதை நாங்கள் சாப்பிடுவோம்.

ஆக, கன்னிப்பெட்டி இருக்கிற அறைக்குள்ளிருந்து, கன்னி இறந்த வயதைச் சொல்லிக்கொண்டு ஒரு குரல் வந்தால், எங்கள் வீட்டுக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அவர்களைத் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. கொடுமைக்காரர்கள் யாரும் இல்லை. பக்திமான்கள்.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். சித்தி கறிக்கு அரைத்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் இளகி, கண் உருண்டு, அம்மியைவிட்டு எழுந்து போய்விடுவாள். திரும்பி வந்தபிறகு, "யாரு அரைச்சதை அப்படியே விட்டுட்டுப் போனா?" என்று சித்தியே கேட்பாள். அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

சித்தப்பாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அண்ணே, எர்ணாகுளத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாரேன்" என்றார்.

"தெய்வத்துக்கு ஊசி போடப் போறியாடா?" என்றார் அப்பா. "நீ இனிமே கடையில படு. கன்னி இறங்குற உடம்பு."

கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகாத மனிதர். பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசாத வீடு அது.

எனக்கு அவள் தெய்வமாகவும் தெரியவில்லை, சித்தியாகவும் தெரியவில்லை. என் வயசுப் பெண், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால் கிட்டங்கி மூலையில் எனக்கொரு கூட்டுக்காரி, விளையாட்டுச் சிநேகிதி, காத்திருந்தாள். ஜாதிக்காய் ஐந்தைப் பொறுக்கிச் சொட்டாங்கல் ஆடுவோம். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் கீழே கிடப்பதை அள்ள வேண்டும். சித்தி எல்லா வேலையும் வலதுகையால் செய்கிறவள், இவள் இடதுகையால் அள்ளுவாள். அள்ளுகிற வேகத்தில் சித்தியின் வளையல்கள் முழங்கைவரை ஓடும். தோற்றால் அழுவாள். ஜெயித்தால் என் பொக்கைவாய்க்குள் ஒரு விரலை வைத்து, "இங்க கதவு இல்ல" என்று சிரிப்பாள். உள்ளங்கையெல்லாம் ஜாதிக்காய் வாசனை. அப்படியே சோறு சாப்பிட்டு, அப்படியே தூங்கிப்போவேன்.

பெயர் கேட்டால் சொல்ல மாட்டாள். நான் கூட்டுக்காரி என்றே கூப்பிட்டேன். அவளும் என்னை அப்படியே கூப்பிட்டாள்.

எங்கள் ஆட்டத்துக்கு நடுவில் அப்பா வந்து கைகட்டி நிற்பார். "தாயி, சுக்கு இப்பவே வாங்கி வைக்கட்டுமா, ஓணம் கழியட்டுமா?"

"எனக்கு ஐஸ்மிட்டாயி வேணும்" என்பாள் அவள்.

அப்பா கண்ணை மூடி யோசிப்பார். "குளிர் கழியட்டும்னு சொல்லுதா" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவார். ஐஸ்மிட்டாய் வந்ததில்லை. அவள் கேட்டது ஐஸ்மிட்டாயைத்தான் என்று அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

இன்னொரு ஆட்டமும் அவளுக்கு உண்டு. என் மரப்பாச்சியை ஒரு காலித் தேயிலைப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடியைச் சாத்துவாள். பிறகு குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, ரொம்ப அன்பாக, "சத்தம் காட்டாம இரு. நல்ல பிள்ளை சத்தம் போடாது" என்பாள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த ஆம்பளைக் குரல் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"அது யாரு பேசுறது?"

"மாமா."

"எந்த மாமா?"

"பெட்டியில அடைக்கிற மாமா."

அதற்குமேல் சொல்ல மாட்டாள். பெட்டியைத் திறந்து மரப்பாச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். எனக்கு வேறு ஆட்டம் ஆடலாமே என்றிருக்கும்.

ஆடி பிறந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் படையல் என்று அப்பா முடிவு செய்தார். கன்னி நேரிலேயே வந்திருக்கும்போது வருஷத்துக்கு ஒருதரம் போதுமா? வெறும் பெட்டிக்கு எதற்குப் படைக்க வேண்டும்? ஆகவே அவள் தோளில் அந்தச் சின்னப் பாவாடையைப் போர்த்தி, கண்ணாடி வளையலைக் கையில் கொடுத்து, இலைக்கு முன்னால் உட்காரவைத்து, உள்ளறைக் கதவைச் சாத்தினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை சாத்துவதற்கு முன்பு அவள் என் காதோடு சொன்னாள். "கதவுல காலை வை."

வைத்தேன். நிலைக்கும் கதவுக்கும் இடையில் என் பாதம். என் பாவாடை மறைத்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஊதின கதவு காலை அழுத்தியது, வலித்தது. உள்ளே தரையில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்திருந்தது. அந்தக் கோட்டின்மேல் இலையை இழுத்துவைத்து அவள் சாப்பிட்டாள். திறந்தபோது இலை காலி. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல இப்பத்தான் எங்கக்கா வயிறாறச் சாப்பிட்டிருக்கா" என்றார்.

கடைசி வெள்ளிக்கிழமை பெரிய படையல். ஆலப்புழையிலிருந்து சித்தியின் தாய்மாமா வந்தார். வெள்ளை ஜிப்பா, தங்க ஃபிரேம் கண்ணாடி, பக்கத்தில் வந்தால் அத்தர் வாசனை. ஊரில் நாலுபேர் மதிக்கிற மனிதர். எனக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்து, என் முன்பல் எங்கே என்று கேட்டுக் கேலி செய்தார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. சித்தி அவருக்குச் சோறு போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வளையல் மட்டும் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சாம்பிராணி போட்டு, பாவாடையைத் தோளில் போர்த்தும்போது கூட்டுக்காரி வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது, கட்டைவிரல் வாய்க்குப் போனதே. நான் சிரித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமல் தானே உள்ளறைக்குள் நடந்துபோய், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கதவில் காலை வை என்றுகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் வைத்தேன்.

"மாமா, நீங்க பெரியவங்க. நீங்களே சாத்துங்க" என்றார் அப்பா.

மாமா குனிந்து என் காலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே என் கணுக்காலைப் பிடித்து ஓரமாக வைத்தார், செருப்பை நகர்த்தி வைப்பதுபோல. உள்ளே பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"சத்தம் காட்டாம இரு. நல்ல பிள்ளை சத்தம் போடாது."

சொல்லிவிட்டு, வளையத்தைப் பிடித்து இழுத்துக் கதவை இறுக்கிச் சாத்தினார். சுற்றி நின்றவர்கள் அவர் பரிவாகத்தான் சொன்னார் என்று நினைத்திருப்பார்கள். குரலும் பரிவாகத்தான் இருந்தது.

உள்ளே முதலில் சத்தமில்லை. பிறகு கதவைப் பிறாண்டுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு அலறல். கன்னி சந்தோஷத்தில் கூப்பிடுகிறாள் என்று பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். அலறல் ஏற ஏற குரவையும் ஏறியது. இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது குரவையிட்டால் நான் வெளியே வந்து நின்றுகொள்வேன்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, இதுதான் பெட்டியில அடைக்கிற மாமா."

அம்மா தொடையில் கிள்ளினாள். "வாயை மூடுட்டி."

நான் மூடவில்லை. பல்லில்லாத வாயால் காற்றும் எச்சிலுமாகக் கத்தினேன். "இவருதான். அவ விளையாடும்போது இதையேதான் சொல்லுவா. மாமா சொல்றதுன்னு சொன்னா."

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த சித்தப்பா திரும்பினார். "என்ன சொன்ன? இன்னொருதரம் சொல்லு."

சொன்னேன். சித்தப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா கதவில் போய் முட்டினார். அது அசையவில்லை. அப்பா குறுக்கே வந்து நின்று, "கன்னி சாப்பிடுதாடா, பாவி" என்றார். சித்தப்பா கிட்டங்கிக்குள் போய், மரப்பெட்டிகளைப் பிரிக்கும் கடப்பாரையை எடுத்துவந்தார். "அண்ணே, தள்ளிக்கோங்க" என்று மட்டும் சொன்னார். நான் அறிந்து அவர் அப்பாவை எதிர்த்துப் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். பலகை பிளந்தது.

உள்ளே இலையில் ஒன்றும் தொடப்படவில்லை. பாவாடை நாலாக மடிக்கப்பட்டு, அதன்மேல் அந்தக் கண்ணாடி வளையல் வைக்கப்பட்டிருந்தது. சித்தி எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லாரும் ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றாள். "சாயா போடணுமா?"

அவள் விரல்களில் இரண்டு நகம் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, இது எப்படி என்று எங்களிடமே கேட்டாள். மாமா எப்போது கிளம்பிப்போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

ஆவணி பிறந்ததும் சித்தப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு தோப்பும்படிக்குப் போய்விட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிற கடை போட்டார். மாமாவை அவர் கடைசிவரை வாசல் ஏறவிடவில்லை. அவர் என்ன புரிந்துகொண்டார் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆனால் சாகிறவரை கதவைச் சாத்தாமல்தான் தூங்கினார். ஒருதரம் திருடன் வந்து குத்துவிளக்கைக் கொண்டுபோனான். அப்போதும் சாத்தவில்லை, இன்னொரு குத்துவிளக்கு வாங்கினார். அப்பாவோ, தம்பி கதவை உடைத்ததால்தான் கன்னி கோபித்துக்கொண்டு போனாள், அதனால்தான் வியாபாரம் படுத்தது என்று சொல்லிச் சொல்லியே செத்தார்.

நான் ஜாதிக்காய் ஐந்தையும் பாவாடை முடிப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அதையும் காணோம். ஆடு தின்றுவிட்டது என்றாள் அம்மா. ஆடு ஜாதிக்காய் தின்னுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோப்பும்படிக்குப் போகும்போதெல்லாம் சித்தியின் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பேன். "என்னட்டி அப்படிப் பாக்குற?" என்பாள் சித்தி. அங்கே சித்திதான் இருந்தாள். எனக்குப் பல் முளைத்தது, கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள், கணவர் போனார். நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பழைய வீடு இப்போது சுற்றுலாக்காரர்களுக்கான ஹோட்டல். உள்ளறையில் வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். சித்தப்பா போனபிறகு, பிள்ளை இல்லாத சித்தியை என்னோடு வைத்துக்கொண்டேன். எண்பதை நெருங்குகிற சித்தி, எழுபதை நெருங்குகிற நான். யார் யாரைத் தூக்கிவிடுவது என்பதே தினமும் எங்களுக்குள் வழக்கு. அவளுக்கு மாத்திரை கொடுத்தேனா, எனக்குப் போட்டுக்கொண்டேனா என்பதற்குள் பொழுது போய்விடுகிறது.

போன ஆடியில் நல்ல மழை. குளிக்கப்போன சித்தியால் வெளியே வர முடியவில்லை. கதவு இறுகிவிட்டது. ஆசாரியை அழைத்துவந்து திறந்தபோது வாளிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலையில் தண்ணீர் சொட்டுகிறது. இடது கட்டைவிரல் வாயில்.

"நான் சத்தம் போடல" என்றாள்.

அந்தக் குரலுக்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை.

மகள் இடப்பள்ளியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். பலமுறை போனோம். அவர் நீளமான ஒரு பெயர் சொன்னார், மகள் எழுதிக்கொண்டாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சின்ன வயதில், ஓடவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால், அதைத் தாங்குவதற்கென்று அவளில் ஒரு பங்கு தனியாக நின்றுவிடும். மற்றப் பங்கு வளர்ந்து, சமைத்து, குடும்பம் நடத்தும். அந்தப் பங்கு அந்த வயதிலேயே காவல் காக்கும். பேயும் இல்லை, தெய்வமும் இல்லை, எல்லாம் அவளேதான். "விரட்டண்டா, பூஜிக்கவும் வேண்டா" என்றார் டாக்டரம்மா. வந்தால் பயமில்லாமல் இருக்கச் செய்யுங்கள், போதும் என்றார். வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். களைப்புதான் மிச்சம்.

ஆசாரியைக் கூப்பிட்டு உள்கதவுகளை எல்லாம் கழற்றச் சொன்னேன். குளியலறைக்கு ஒரு துணித்திரைதான். வீட்டுக்கு வருகிறவர்கள் இருமிக்கொண்டே குளிக்கிறார்கள்.

அப்படியும் அவள் என்னிடம் வரவில்லை. கட்டிலுக்கு அந்தப்பக்கம் ஒடுங்கிக்கொள்வாள். நான் கொடுத்தால் சாப்பிடமாட்டாள். அவளுக்கு நான் யாரோ ஒரு கிழவி. பெரிய ஆள். பெரிய ஆட்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐஸ்மிட்டாய்கூட வாங்கிவந்து நீட்டினேன். கையில் உருகி வழிந்ததுதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் பொறுக்கமுடியாமல் சொன்னேன். "நான்தான். உன் கூட்டுக்காரி."

"பொய்" என்றாள் கட்டிலுக்குப் பின்னாலிருந்து. "அவ சின்னப் பிள்ளை. அவளுக்கு முன்பல்லு கிடையாது."

நான் திரும்பி நின்று பல்செட்டைக் கழற்றினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி, வாயை நன்றாக அகலத் திறந்து சிரித்தேன். நல்லவேளை, மகள் அன்று வந்திருக்கவில்லை.

அவள் நெடுநேரம் பார்த்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு மெல்ல வந்தாள். இடதுகையை நீட்டி, ஒரு விரலை என் வாய்க்குள் வைத்தாள்.

"இங்க கதவு இல்ல" என்றாள். சிரித்தாள். பிறகு முகம் சுருங்கி, உதடு பிதுங்கியது. "இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?"

"மழையில கதவு இறுகிப்போச்சு" என்றேன். "இப்பத்தான் திறந்தது."

யோசித்துப் பார்த்தாள். சரியென்று பட்டிருக்க வேண்டும், தலையாட்டினாள். சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெறும் நிலையைக் காட்டினாள்.

"காலை வை" என்றாள்.

நிலையைப் பிடித்துக்கொண்டு, முட்டி இரண்டும் முனகத் தரையில் உட்கார்ந்தேன். கதவே இல்லாத அந்த வாசலில் காலை நீட்டி வைத்துக்கொண்டேன்.